மாட்டிய நிலையில் இரண்டு தூண்டில்

தூண்டிலை வீட்டிலேயே மாட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன என்று முதலில் கேட்டது டீச்சர்தான். நியாயமான கேள்வி. அதற்கப்புறம் நடந்த எதற்கும் அந்தக் கேள்வி பொறுப்பல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

டீச்சரின் கணவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று ஆகிவிட, புருஷனும் பெண்டாட்டியும் ஆற்றுக்குப் போய் மீன்பிடிக்கப் பழகினார்கள். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வகை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வீசுகிற வகை. கம்பு ஒன்பது அடி. அடியில் கட்டைவிரல் கனம், நுனியில் ஈர்க்கு மாதிரி. நூலின் முனையில் இறகையும் பட்டு இழையையும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி ஒன்று இருக்கும். நிஜப் பூச்சி வந்து உட்காருகிற மாதிரி அதைத் தண்ணீர் மேல் இறக்க வேண்டும். மீன் ஏமாந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். கோணமும் தூரமும் அவருக்குக் கையில் ஊறியிருந்தன. முப்பதடி தள்ளி மிதக்கும் இலையைக் காட்டினால் இலை மேல் பூச்சியை உட்காரவைப்பார். கண்ணாடிக்காரர் வீசினால் பெரும்பாலும் பின்னால் நிற்கும் மரம்தான் மாட்டும்.

இதில் ஒரே தொல்லை, கம்பு நாலு துண்டாக வரும். ஒன்றில் ஒன்றைச் செருகி, ரீலைப் பூட்டி, பத்துக் குட்டி வளையங்களுக்குள் நூலைக் கோத்து, கடைசியில் பூச்சியை முடிச்சுப் போட வேண்டும். ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவருக்கு அந்தி வெளிச்சத்தில் வளையம் தெரியாது. அரை மணி நேரம் போய்விடும். வருஷத்தில் பத்தே நாள், பொழுது சாயும் நேரத்தில் ஆற்றிலிருந்து சிறகு முளைத்த பூச்சிகள் புகைபோலக் கிளம்பும். மீன்கள் வெறி பிடித்த மாதிரி மேலே வரும். அந்தக் கூத்து மொத்தமே முக்கால் மணி நேரம். அதில் அரை மணி நேரத்தை வளையம் தேடுவதில் விட்டால் மிச்சம் என்ன?

அந்த வருஷம் இன்னொரு அவசரமும் இருந்தது. டீச்சருக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்திருந்தது. ஆறு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு ஊர். விடுமுறை முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். போவதா, வேண்டாமா, போனால் கடை என்ன ஆவது, வீடு என்ன ஆவது என்று இருவருமே வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. ஆற்றில் நின்றால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அந்தப் பத்து நாளில் பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்து, அதையும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்தார்கள்.

ஆகவே கண்ணாடிக்காரர் கார் கூரை மேல் பொருத்துகிற நீளப் பெட்டி ஒன்றை வாங்கினார். மாட்டிய கம்பு இரண்டையும் அப்படியே உள்ளே படுக்கவைத்து மூடலாம். கார் சின்னது. பெட்டி முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. பின் நுனியில் டீச்சர் சிவப்புத் துணி கட்டினார். பூச்சி கிளம்பும் முதல் நாள் சாயங்காலம், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் இருவரும் கிளம்பினார்கள்.

ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் சாலைச் சுமை ஒழுங்குமுறை அலுவலகத்தின் சோதனைச் சாவடி இருந்தது. ஒரு காலத்தில் கல் லாரிகளை நிறுத்திப் பார்ப்பதற்காக வைத்தது. லாரிகள் புதுச் சாலையில் போகத் தொடங்கிய பிறகும் சாவடி பழைய சாலையை விட்டு நகரவில்லை. வேலை இல்லாமல் சும்மா இருப்பது அழகல்ல என்பதால் மிதிவண்டிக் கூடை, தலைச்சுமை, குடை ஆகியவற்றைச் சோதித்து வந்தது. கூரை மேல் பத்தடிப் பெட்டியோடு ஒரு கார் வருவதைப் பார்த்த சாவடி ஆய்வாளருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஓடி வந்து கையை நீட்டினார். சட்டைப் பொத்தானை ஓடிக்கொண்டே போட்டார்.

பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். தூண்டில் என்றார் கண்ணாடிக்காரர். திறந்து காட்டச் சொன்னார். காட்டினார். ஆய்வாளர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"இது மாட்டின நிலையில இருக்கே," என்றார்.

ஆமாம், போனதும் வீசுவதற்கு வசதியாக இருக்கும் என்று டீச்சர் விளக்கினார். ஆய்வாளர் தலையை ஆட்டினார். கழற்றிய தூண்டில் வெறும் சாமான்; அது எத்தனை வேண்டுமானாலும் போகலாம். மாட்டிய தூண்டில் தயார்நிலைக் கருவி. அதற்கு என்ன விதி என்றே தமக்குத் தெரியவில்லை, ஆனால் நிச்சயம் ஒன்று இருக்கும் என்றார். சரி, இங்கேயே கழற்றிவிடுகிறோம் என்று கண்ணாடிக்காரர் கம்பில் கை வைத்ததும் ஆய்வாளர் விசில் ஊதினார். சம்பவ இடத்தில் ஆதாரத்தைக் கலைப்பது இன்னொரு குற்றமாம். பெட்டியை மூடி, நூல் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். விசாரணை முடியும்வரை முத்திரையை உடைக்கக் கூடாது, பெட்டியைக் கூரையிலிருந்து இறக்கக் கூடாது, பாலத்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும்.

சாவடிக்கு அந்தப் பக்கம் ஆற்றின் மேல் பூச்சிகள் கிளம்ப ஆரம்பித்திருந்தன. மீன்கள் துள்ளுகிற சத்தம் கேட்டது. இருவரும் காரைத் திருப்பினார்கள்.

தலைமை அலுவலகத்தில் பதினொரு ஜன்னல்கள் இருந்தன. நீளச் சுமை ஜன்னலில் ஒருவர் கம்பின் நீளத்தை எழுதிக்கொண்டு, கம்பு வளையுமா என்று கேட்டார். வளையும் என்றார் கண்ணாடிக்காரர். வளைந்தால் நீளம் குறையுமே, எந்த நீளத்தை எழுதுவது என்று அவர் கவலைப்பட்டு, வளைசுமை ஜன்னலுக்கு அனுப்பினார். வளைசுமைக்காரர் கம்பை வளைக்காமல் எப்படிச் சொல்ல முடியும் என்றார். முத்திரை இருப்பதால் வளைக்கவும் முடியாது என்றார். ஆக இந்தக் கம்பு தற்சமயம் வளையாது என்று சான்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது ஜன்னலில் கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் டீச்சர் ஒழுங்காக 'பூச்சி, இரண்டு' என்று எழுதியது வினையாகிப்போனது. உயிர்ச் சுமைப் பிரிவுக்கு மாடியேறச் சொன்னார்கள்.

உயிர்ச் சுமைப் பிரிவில் மாடு, கோழி, தேனீப் பெட்டி முதலியவற்றுக்கான படங்கள் சுவரில் ஒட்டியிருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மூக்கு நுனியில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். அது கண்ணாடிக்காரர் கடையில் வாங்கியதுதான். அந்தப் பழக்கத்தை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"பூச்சி உயிரோட இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப செத்துடுச்சு. எப்ப?"

"சாகலைங்க. அது பிறக்கவே இல்ல. நான் கட்டினது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.  பிறகு ஒரு படிவத்தை எடுத்து, பிறப்பு என்ற இடத்தில் 'வீட்டில்' என்று எழுதி, தந்தை கையொப்பம் என்ற இடத்தில் கண்ணாடிக்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு பூச்சிக்கு மூன்று பிரதி. இரண்டாவது பூச்சியைக் கட்டியது டீச்சர் என்பதால் அதற்குத் தாய் கையொப்பம் போதும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இரண்டும் ஒரே நாளில் கட்டியவையா என்று கேட்டார். ஆமாம் என்றதும் 'இரட்டை' என்று குறித்துக்கொண்டு, முதன்முறையாகப் புன்னகை செய்தார்.

இப்படி ஜன்னல் ஜன்னலாக ஏறி இறங்கி நாலாவது நாள், கோப்பு பெரிய அதிகாரியின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு அலுவலகத்தில் உட்பிரிவு என்று பெயர். முகத்துக்கு முன்னால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். சட்டப் புத்தகத்தின் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் உட்பிரிவுகள் அத்தனையும் அவர் எழுதியவை. ஒல்லியான மனிதர். தடித்த கண்ணாடி. மேசையில் ஒரு தூசு இல்லை. பக்கத்தில் எழுத்தர் அம்மா திறந்த நோட்டோடு உட்கார்ந்திருந்தார். உட்பிரிவு இருமினாலும் எழுதிக்கொள்வது அவர் வழக்கம்.

ஒன்பதடிக் கம்பு, சிவப்புத் துணியும் கட்டியிருக்கிறோம், இதனால் யாருக்கு என்ன ஆபத்து என்று கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல உட்பிரிவு எழுந்து நின்றார்.

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ஆபத்து இருந்தா தடுக்கறதுக்குப் போலீஸ் இருக்கு. ஆபத்தே இல்லாத விஷயத்தை யார் சார் கவனிக்கறது? அனாதையா விட்டுட முடியுமா? அதுக்குத்தான் இந்த ஆபீஸ். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு அனுமதிகூடத் தப்பாக் குடுத்ததில்ல."

"மொத்தம் எத்தனை குடுத்திருக்கீங்க சார்?" என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் அல்லவா, அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

"இன்னும் குடுக்கல," என்றார் உட்பிரிவு.

பிறகு தீர்ப்பைச் சொன்னார். சுமை என்றால் என்ன? இறக்கிவைத்த பிறகு பயன்படுவது சுமை. இறக்குவதற்கு முன்பே பயன்படத் தயாராக இருப்பது சுமை ஆகாது. அது ஊர்தியின் உறுப்பு. மாட்டிய தூண்டில் தயாராக இருக்கிறது. ஆகவே அது காரின் உறுப்பு. மீன்பிடிக்கும் உறுப்பு உள்ள ஊர்தி எதுவோ அது மீன்பிடிக் கலம்.

"உங்ககிட்ட இருக்கறது கார் இல்ல சார்," என்று அனுதாபத்தோடு முடித்தார். "படகு."

படகு என்று ஆன பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. படகில் இருப்பவர்கள் மிதவைச் சட்டை அணிய வேண்டும். நங்கூரம் வேண்டும். மணி வேண்டும். கலத்துக்கு ஒரு தலைவர் வேண்டும். யார் தலைவர் என்று எழுத்தர் அம்மா கேட்டபோது கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கையைத் தூக்கிவிட்டார். யார் நன்றாக வீசுகிறார்களோ அவர்கள்தான் தலைவர் என்பதில் கண்ணாடிக்காரருக்கும் ஆட்சேபணை இல்லை. மிதப்புச் சான்று கிடைக்கும்வரை வீட்டுக்கும் கடைக்கும் இடையில் மட்டும் போய்வர ஒரு நகர்வுச் சீட்டு கொடுத்தார்கள். அது அனுமதி அல்ல என்று உட்பிரிவு அடிக்கோடிட்டுச் சொன்னார். மிதப்புச் சான்றுக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டதற்கு, இதுவரை யாரும் வாங்கவில்லை என்பதால் சராசரி சொல்ல முடியாது என்றார்.

அடுத்த சில நாட்கள் கடைவீதி அந்தக் கோலத்தைக் கண்டு களித்தது. காலையில் கண்ணாடிக்காரர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு காரை எடுப்பார். பக்கத்தில் கலத்தலைவர், அதே சட்டையில், மடியில் நங்கூரத்தோடு. கலம் நிற்கும்போதெல்லாம் நங்கூரம் இறக்க வேண்டும் என்று விதி. சிவப்பு விளக்கு விழுந்ததும் டீச்சர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி நங்கூரத்தை நடுச்சாலையில் விடுவார். பச்சை விழுந்ததும் தூக்குவார். கிளம்பும்போது மூன்று முறை மணியடிக்க வேண்டும். முதல் நாள் போக்குவரத்துக் காவலர் ஓடி வந்தார். நகர்வுச் சீட்டைப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் பள்ளம் இருக்கிறது, ஆழம் தெரியவில்லை, பார்த்துப் போங்கள் என்று மட்டும் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் அக்கரைக்கு எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார். கலத்தின் அருகிலேயே இருக்கும்வரை சட்டையைக் கழற்றக் கூடாது என்பதால், கார் கடை வாசலில் நின்ற நேரமெல்லாம் கண்ணாடிக்காரர் மிதவைச் சட்டையோடுதான் கண் பரிசோதனை செய்தார். சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னால் ஜனங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கண்ணாடிக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள், நாற்சந்தியில் நங்கூரம் ஒரு சாக்கடை மூடியில் சிக்கிக்கொள்ள, பின்னால் இருபது வண்டிகள் ஒலியெழுப்ப, டீச்சர் இறங்கி நிதானமாக அதை விடுவித்துவிட்டு ஏறி உட்கார்ந்து மூன்று முறை மணியடித்தபோது அவருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. டீச்சரும் சிரித்தார். ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாமல் சிரித்தார்கள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். உடனேயே, அவள் போய்விட்டால் யாரோடு சிரிப்பது என்றும் நினைத்தார். அதற்குள் விளக்கு மறுபடி சிவப்பாகி, டீச்சர் நங்கூரத்தை இறக்க வேண்டியிருந்தது.

பூச்சி நாட்களில் ஏழு போய்விட்டன. அன்று டீச்சர் அலுவலகத்திலிருந்து சட்டப் புத்தகத்தைப் பெற்றுவந்து, பரீட்சைத் தாள் திருத்துவதுபோலச் சிவப்புப் பேனாவோடு முதல் பக்கத்திலிருந்து படித்தார். மறுநாள் மத்தியானம் முந்நூற்று எண்பத்தாறாம் பக்கத்தில் பேனா நின்றது.

மிதப்புச் சோதனையை, கலத்தலைவர் எழுத்து மூலம் கேட்ட மறுநாளே நடத்த வேண்டும். கலம் தொழில் செய்யும் இடத்தில், தொழில் செய்யும் வேளையில், கருவிகள் மாட்டிய நிலையில் நடத்த வேண்டும். மேலதிகாரி தாமே கலத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். கலம் மூன்று நிமிடம் மிதந்தால் தேறியது.

டீச்சர் அந்தப் பக்கத்தில் சீட்டு செருகி, விண்ணப்பத்தோடு உட்பிரிவிடம் கொண்டுபோனார். அதை வாசித்த உட்பிரிவுக்குக் கண் கலங்கிவிட்டது என்று எழுத்தர் அம்மா பிற்பாடு சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் முந்நூற்று எண்பத்தாறாம் பக்கம்வரை வந்த முதல் வாசகர் டீச்சர். நாளைச் சாயங்காலமே நடத்துவோம் என்றார் அவர். நகர்வுச் சீட்டு பாலம்வரை செல்லாது என்பதால் அலுவலகத்தின் இழுவை வண்டியையே அனுப்புவதாகவும் சொன்னார்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. மாட்டிய தூண்டிலைக் கூரையில் வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோவதைத் தடுக்க எழுந்த அலுவலகம், மாட்டிய தூண்டிலைக் கூரையில் வைத்த காரைத் தன் வண்டியின் முதுகில் தூக்கிவைத்து, முன்னால் ஒரு ஜீப் விட்டு, ஆற்றுக்குக் கொண்டுபோனது. சாவடி ஆய்வாளர் தடுப்புக் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சல்யூட் அடித்தார். கண்ணாடிக்காரரும் டீச்சரும் காருக்குள் மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மணியடித்தார்.

படகுகளை இறக்குவதற்கென்று கரையில் ஒரு கல் சரிவு இருந்தது. அதன் தலைப்பில் காரை இறக்கி நிறுத்தினார்கள். உட்பிரிவு முத்திரையைத் தம் கையால் உடைத்தார். பெட்டியைத் திறந்து, கருவிகள் மாட்டிய நிலையில் உள்ளனவா என்று பார்த்தார். ஒரு கம்பை டீச்சர் வெளியே எடுத்துக் காட்டினார். அது அவர் கையிலேயே இருந்துவிட்டது. சோதனையின்போது மேலதிகாரி தவிர வேறு உயிர் கலத்தில் இருக்கக் கூடாது என்பதால் புருஷனும் பெண்டாட்டியும் கரையில் நின்றார்கள். உட்பிரிவு மிதவைச் சட்டை அணிந்து, கோப்போடு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

இழுவை வண்டிக்காரர் காரின் பின்புறம் இரும்புக் கயிறு கட்டியிருந்தார். ஆபத்துக்குப் பிடித்து இழுக்க அது இருக்கட்டும் என்றார். உட்பிரிவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அவுத்துடுங்க. கட்டிவச்சா எதுவும் மிதக்கும். அது மிதப்புன்னு என் சட்டத்துல இல்ல."

அவிழ்த்தார்கள். இரண்டு பேர் தள்ளினார்கள். கார் சரிவில் உருண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கி, கொஞ்சம் முங்கி, மேலே வந்து, மிதந்தது.

மிதந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. எழுத்தர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் மூக்கைத் தாழ்த்தி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றின் போக்கில் கிளம்பியது. உள்ளேயிருந்து உட்பிரிவின் குரல் வந்தது. கலம் நிலையாக இருப்பதாகவும், பார்வை நன்றாக இருப்பதாகவும் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து, பாதத்தில் ஈரம் இருப்பதாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது நிமிடம் ஈரம் முழங்காலில் இருந்தது. மூன்றாவது நிமிடம் அவர் ஜன்னல் வழியாக வெளியேறிக் கூரையில் இருந்தார், கோப்பைத் தலைமேல் வைத்துக்கொண்டு.

"மூணு நிமிஷம் ஆச்சு சார், தேறிடுச்சு," என்று எழுத்தர் அம்மா கரையிலிருந்து கூவினார்.

"எழுதிக்குங்க," என்றார் உட்பிரிவு, முகமெல்லாம் மலர்ந்து. அது அவர் வாழ்க்கையில் கொடுத்த முதல் அனுமதி. அதைக் கொண்டாட அவர் எழுந்து நின்றிருக்கக் கூடாது. கார் ஒரு பக்கம் சாய, அவர் ஆற்றில் விழுந்தார். கார் அப்படியே போய், கீழே ஒரு மணல் திட்டில் கூரை வெளியே தெரிய உட்கார்ந்துகொண்டது. மிதவைச் சட்டை உட்பிரிவை மூழ்கவிடவில்லை. ஆனால் போக்கு அவரை நடு ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனது. அவருக்கு நீச்சல் கொஞ்சம் தெரியும். கோப்பை விட மனமில்லாததால் ஒரு கைதான் மிச்சம்.

டீச்சர் தண்ணீரில் நாலடி இறங்கினார். கம்பை இரண்டு முறை முன்னும் பின்னும் அசைத்து நூலை நீட்டினார். மூன்றாவது வீச்சில் பொய்ப்பூச்சி ஆற்றைக் கடந்துபோய், உட்பிரிவின் மிதவைச் சட்டைத் தோள்பட்டையில், பொத்தானுக்கும் காலருக்கும் நடுவே உட்கார்ந்தது. டீச்சர் சுண்டினார். மாட்டிக்கொண்டது.

"கையை ஆட்டாதீங்க சார்," என்றார் டீச்சர், வகுப்பில் பேசுகிற அதே குரலில். "நூல் மெல்லிசு. நீங்களா இழுத்தா அறுந்துடும். சும்மா வாங்க."

ஒன்பதடிக் கம்பு பாதி வட்டமாக வளைந்தது. அது தற்சமயம் வளையாது என்று சான்று இருப்பது அப்போது யாருக்கும் நினைவில்லை. டீச்சர் இழுக்கவில்லை. அவர் திமிறினால் நூலை விட்டார்; தளர்ந்தால் சுற்றினார்; பக்கவாட்டில் சாய்த்து, பெரிய மீனைத் திருப்புகிற மாதிரியே போக்கிலிருந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று, கல் இருக்கிறது, இடப்பக்கம் கொண்டுவா என்று தவிப்போடு சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு நிமிடம் ஆயிற்று. உட்பிரிவு களைத்துப்போய், ஓரத்துத் தேங்கின தண்ணீருக்கு வந்து, கரையில் முழங்காலிட்டார். கோப்பு நனையவில்லை.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். எழுத்தர் அம்மா மட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு பக்கத்தைப் படித்தார். சான்று பெற்ற கலத்தின் கருவியால் கரைசேர்க்கப்பட்ட எந்த உயிரும் அக்கலத்தின் பிடிப்பு ஆகும். பிடிப்பைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பூச்சி கிளம்பும் பத்து நாளும் காப்புக் காலம் என்பதால், பிடிபட்ட எதையும் உயிருடன் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்.

"சார் விழுந்தது தேறின பிறகுதான் சார்," என்றார் அவர், மன்னிப்புக் கேட்பதுபோல. "நேரம் எழுதிட்டேன்."

உட்பிரிவு ஈரக் கண்ணாடி வழியாக அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அது அவர் எழுதியது. 'எந்த உயிரும்' என்ற இடத்தில் ஆட்சேபணை வந்தபோது மூன்று கூட்டத்தில் வாதாடி அந்தச் சொல்லைக் காப்பாற்றியவரும் அவரே. ஒரு விலக்கு உண்டு என்று அந்த இடத்தில் அவர் சொல்லியிருந்தால் அங்கே யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். இழுவை வண்டிக்காரர் வாய்விட்டே சொன்னார், விடுங்க சார், யாருக்குத் தெரியப்போகுது என்று. உட்பிரிவு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கோப்பை எழுத்தர் அம்மாவிடம் நீட்டிவிட்டு எழுந்தார்.

"விட்டுடுங்க," என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, தோள்பட்டையிலிருந்து பூச்சியைக் கண்ணாடிக்காரர் பதமாகக் கழற்றினார். பதிவேட்டில் பதினாலு கட்டங்கள் இருந்தன. அவை நிரம்பும்வரை பிடிப்பு தண்ணீரிலேயே இருக்க வேண்டும். எழுத்தர் அம்மா கரைக் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க, உட்பிரிவு ஆற்றிலிருந்தே பதில் சொன்னார். நீளம், ஐந்தடி ஏழு அங்குலம். இனம் என்ற இடத்தில் இருவரும் சற்று நேரம் விவாதித்தார்கள்.

அந்த வேளையில் பூச்சிகள் கிளம்பின. தண்ணீரின் தோலிலிருந்து பிய்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் மேலே வந்தன. ஆறு முழுக்க வட்டம் வட்டமாக மீன்கள் வாயைத் திறந்தன. அனுமதி கையில் இருந்தது. தூண்டில் மாட்டிய நிலையில் இருந்தது. இருவரும் உட்பிரிவுக்குப் பத்தடி மேலே தள்ளிப் போய் நின்றார்கள். டீச்சர் வீசினார். முதல் வீச்சிலேயே ஒன்று வந்தது; விட்டார். கம்பைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தார். பின்னால் மரம் இல்லாத இடமாகப் பார்த்து அவரும் வீசினார்.

"நான் போகட்டுமாங்க?" என்றார் டீச்சர், தண்ணீரைப் பார்த்தபடி.

"போகாம? தலைமையாசிரியர்னா சும்மாவா."

"நீங்க?"

கண்ணாடிக்காரர் நூலைச் சுற்றினார். யோசிப்பதற்காக அல்ல, ஒன்பது நாளாக யோசித்தாகிவிட்டது.

"நானும் வர்றேன். கண்ணு மங்காத ஊர் எது இருக்கு? அங்க ஒரு கடை போட்டாப் போச்சு."

 அங்கேயும் ஆறு இருக்கிறது, வரைபடத்தில் பார்த்துவைத்திருக்கிறேன் என்றார் டீச்சர். எப்போது பார்த்தாய் என்று கண்ணாடிக்காரர் கேட்டதற்கு, பதவி உயர்வு வந்த அன்றே என்றார். கண்ணாடிக்காரர் கம்பை டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தார்.

பதினாலாவது கட்டத்தில் எழுத்தர் அம்மாவின் பேனா நின்றது. அச்சடித்த வரி அது. 'பிடிப்பு நல்ல நிலையில் நீந்திச் சென்றது: ஆம் / இல்லை.' கீழே மேலதிகாரி கையொப்பம். எழுத்தர் அம்மா தண்ணீரில் இறங்கி வந்து, பதிவேட்டை உட்பிரிவின் முன்னால் பிடித்து, ஆம் என்று போட்டுவிடட்டுமா சார் என்று கேட்டார். எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.

உட்பிரிவு பேனாவை வாங்கினார். வரியை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே மனிதரான கண்ணாடிக்காரரிடம் ஒப்படைத்தார். பிறகு மிதவைச் சட்டையின் பட்டையை இறுக்கிக்கொண்டு, நல்ல நிலையில், நீந்திப் போனார்.